பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வது எப்படி, நிலைப்பது எப்படி: டர்பன் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரபேங்க், டொங்காட் பகுதிகளில் மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் பெரிய இன்சூரன்ஸ் நிறுவனத்து வேலை என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. மாதச் சம்பளம், மெடிக்கல் எய்ட், குளிரூட்டிய அலுவலகம் என்று வெளியிலிருந்து தெரிவதெல்லாம் உண்மைதான். ஆனால் உள்ளே போனபின் எட்டு மணி நேரமும் என்ன செய்ய வேண்டியிருக்கும், எதில் தேறினால் மேலே போகலாம், எதில் சிக்கினால் வெளியேற நேரிடும் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை. இந்தத் துறையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், புதிதாகச் சேர்பவருக்குப் பயன்படக்கூடியவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நடைமுறைச் செய்தி. தென்னாப்பிரிக்காவின் பெரிய காப்பீட்டு நிறுவனங்களின் தலைமையகங்கள் கேப் டவுனைச் சுற்றியோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருக்கின்றன. 1845இல் தொடங்கிய ஓல்ட் மியூச்சுவலும், 1918இல் தொடங்கிய சன்லாமும் சான்டாமும் கேப் பகுதியில் பிறந்தவை. 1957இல் வந்த லிபர்ட்டியும் 1992இல் வந்த டிஸ்கவரியும் ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்தவை. டர்பனில் உள்ளவை பெரும்பாலும் கிளைகளும் சேவை மையங்களும்தான். அவற்றில் பல உம்ஷ்லாங்கா, லா லூசியா பக்கம் அமைந்துள்ளன. சாட்ஸ்வொர்த்திலிருந்து தினமும் என்2 சாலை நெரிசலில் போய்வரும் நேரத்தையும் செலவையும் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மேலாளர் நிலைக்கு மேல் உயர விரும்பினால் ஒருநாள் ஊர் மாற வேண்டியிருக்கலாம் என்பதையும் வீட்டாரிடம் இப்போதே பேசிவையுங்கள்.

எந்தக் கதவு வழியாக நுழைவது

நுழைவதற்கு மூன்று கதவுகள் உண்டு: விற்பனை, வாடிக்கையாளர் சேவை, இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் கிளெய்ம் பிரிவு. கணிதத்தில் மிகவும் வலுவானவர்களுக்கு ஆபத்தையும் பிரீமியத்தையும் கணக்கிடும் ஆக்சுவரி என்ற நான்காவது கதவும் உண்டு. ஆனால் அது பல்கலைக்கழகப் பட்டமும் அதற்கு மேல் பல ஆண்டுத் தேர்வுகளும் கேட்கும் தனிப் பாதை என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

என் கருத்து தெளிவானது: வாய்ப்புக் கிடைத்தால் கிளெய்ம் பிரிவில் தொடங்குங்கள். விற்பனையில் தொடங்குபவர் பாலிசி என்ன தருகிறது என்று சொல்லப் பழகுகிறார்; கிளெய்மில் தொடங்குபவர் அது எப்போது தருகிறது, எப்போது தராது, ஏன் தராது என்பதைக் கற்கிறார். அந்த அறிவோடு பின்னால் விற்பனைக்குப் போகலாம், யாருக்கு எந்த நிபந்தனையில் காப்பு தருவது என்று முடிவுசெய்யும் அண்டர்ரைட்டிங் பிரிவுக்குப் போகலாம், புரோக்கர் அலுவலகத்துக்கும் போகலாம். விற்பனையில் கமிஷன் கண்ணைக் கவரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆயுள் பாலிசி ஒன்றை விற்று வாங்கிய கமிஷன், அந்த பாலிசி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நின்றுபோனால் திரும்பப் பிடிக்கப்படும். உறவினர்களுக்கும் கோயில் நண்பர்களுக்கும் மளமளவென்று விற்று, அவர்கள் பிரீமியம் கட்ட முடியாமல் நிறுத்தியபோது, செலவழித்துவிட்ட பணத்துக்குக் கடனாளியான இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுமை இருபது வயதில் யாருக்கும் வரக்கூடாது.

வேலை அனுபவமே இல்லாதவர்களுக்கு லெர்னர்ஷிப் நல்ல வழி. காப்பீட்டுத் துறைக்கான இன்செட்டா என்ற பயிற்சி அமைப்பின் ஆதரவோடு நடப்பவற்றில், உதவித்தொகை பெற்றுக்கொண்டே வேலையும் படிப்பும் சேர்ந்து நடக்கும். முடிவில் அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் கையில் இருக்கும். உதவித்தொகை குறைவு என்று தயங்க வேண்டாம். எந்த உண்மையான நிறுவனமும் வேலை தருவதற்கு உங்களிடம் பணம் கேட்காது. பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று வாட்ஸ்ஆப்பில் யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் பட்டத்தை சாக்வா என்ற தகுதி ஆணையத்திடம் மதிப்பிட்டு வாங்கிவைத்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

கையெழுத்திடுவதற்கு முன்

நேர்முகத் தேர்வு நன்றாக முடிந்தபின்னும் வேலை கைநழுவிப் போவதற்குப் பின்னணிச் சோதனை பெரும்பாலும் காரணமாகிறது. குற்றப் பதிவு, கல்விச் சான்று, கடன் வரலாறு மூன்றையும் பார்ப்பார்கள். துணிக்கடைக் கணக்கும் செல்போன் ஒப்பந்தமும் கட்டாமல் கிடந்து, நம் ஊர்ப் பேச்சில் சொல்வதுபோல் ஐ.டி.சி.யில், அதாவது கடன் பாக்கிப் பதிவில், பெயர் ஏறியிருந்தால், பிறர் பணத்தைக் கையாளும் வேலைக்கு அது கேள்வியாக வந்து நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே அதை வாங்கிப் பாருங்கள். பாக்கி இருந்தால் தவணைக்கு ஏற்பாடு செய்து, அதற்கான கடிதத்தை வைத்துக்கொண்டு, கேட்கும்போது தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால் போவது வேலை மட்டுமல்ல. நேர்மைக் குறைவு நிரூபிக்கப்பட்ட பிரதிநிதியைத் தடை செய்து, அதை நிதித்துறை நடத்தை ஆணையமான எஃப்.எஸ்.சி.ஏ.வுக்கு அறிவிக்கும் கடமை நிறுவனங்களுக்கு உண்டு. அந்தத் தடைக்குப் பிறகு இந்தத் துறையில் வேறு எந்தக் கதவும் எளிதில் திறக்காது.

சம்பளக் கடிதத்தில் இருக்கும் தொகை பெரும்பாலும் காஸ்ட் டு கம்பெனி என்ற மொத்தக் கணக்கு. அதிலிருந்தே மெடிக்கல் எய்ட், ஓய்வூதிய நிதி, வருமான வரி, வேலையின்மைக் காப்பு நிதிக்கான ஒரு சதவீதம் எல்லாம் போகும். கையில் வருவது எவ்வளவு என்று மனிதவளத் துறையிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, அவர்களும் தவறாக எண்ணமாட்டார்கள். ஓய்வூதிய நிதியில் 2024 செப்டம்பர் 1 முதல் இரு பானை முறை நடைமுறையில் இருக்கிறது: புதிதாகச் சேரும் பங்களிப்பில் மூன்றில் ஒரு பங்கு அவசரத்துக்கு எடுக்கக்கூடிய சேமிப்பிலும், மற்ற இரு பங்கு ஓய்வு வரை தொடமுடியாத பகுதியிலும் சேரும். சேமிப்புப் பகுதியை எடுத்தால் உங்கள் வருமான வரி விகிதத்திலேயே அதற்கும் வரி பிடிப்பார்கள். தீபாவளிச் செலவுக்காக அதில் கைவைக்க வேண்டாம்.

ஆலோசனை கூறும் அல்லது பாலிசி விற்கும் பணியென்றால், நிதி ஆலோசனையை ஒழுங்குபடுத்தும் 2002ஆம் ஆண்டின் ஃபைஸ் சட்டப்படி ஆர்.இ.5 என்ற ஒழுங்குமுறைத் தேர்வில் தேற வேண்டும். மேற்பார்வையின் கீழ் வேலை செய்துகொண்டே எழுத இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இரண்டு ஆண்டு நீளமாகத் தோன்றும். வேலைச் சுமை ஏறியபின் படிக்க நேரம் கிடைப்பதில்லை என்பதால் முதல் ஆறு மாதத்திலேயே எழுதிவிடுங்கள்.

கிளெய்ம் மேசையில்

அழைப்பவர் யார் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அவர் வீட்டில் திருடு போயிருக்கிறது, அல்லது கார் மோதியிருக்கிறது, அல்லது கூரை ஒழுகுகிறது. பத்தாண்டுகள் பிரீமியம் கட்டியவர் முதன்முறையாக உதவி கேட்கிறார். உங்களுக்கு அது அன்றைய நாற்பதாவது அழைப்பாக இருக்கலாம். அவருக்கு அது ஒன்றே ஒன்று.

கீசர் வெடித்ததாக வரும் அழைப்பை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்க வீட்டுக் காப்பீட்டில் மிகவும் பழக்கமான கிளெய்ம் இதுதான். குளிர்காலத்தில் வரிசையாக வரும். மேல்தளத்தில் இருக்கும் கீசரிலிருந்து தண்ணீர் சீலிங் வழியாகக் கட்டிலின்மேல் கொட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் உங்களை அழைக்கிறார். பாலிசி எண்ணைக் கேட்டுத் தொடங்காதீர்கள். தண்ணீர்க் குழாயின் பிரதான வால்வை மூடிவிட்டாரா, மின் விநியோகப் பலகையான டி.பி. போர்டில் கீசரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். அது ஆபத்தையும் குறைக்கும், சேதத்தையும் குறைக்கும், எதிரில் இருப்பவர் தம்மை மதிக்கும் ஒருவரிடம் பேசுகிறோம் என்றும் உணர்வார். பிறகுதான் எண், முகவரி, நேரம். எப்போது கவனித்தார், அதற்கு முன் சொட்டு இருந்ததா, சீலிங்கில் பழைய கறை உண்டா என்பதைக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். திடீர் வெடிப்புக்குக் காப்பு இருக்கும். மாதக்கணக்கில் மெல்லக் கசிந்ததற்கும் தேய்மானத்துக்கும் பல பாலிசிகளில் இருக்காது. அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைத்துவிடாதீர்கள். சாதகமாகவும் வேண்டாம், பாதகமாகவும் வேண்டாம்.

குறிப்பு எழுதுவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி என்பேன். “வாடிக்கையாளர் கோபமாக இருந்தார், விளக்கம் அளிக்கப்பட்டது” என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. “14:20க்கு அழைத்தார். காலை 6 மணியளவில் சத்தம் கேட்டதாகவும் அதற்கு முன் கசிவு இல்லையென்றும் கூறினார். மின்சாரம் நிறுத்தப்பட்டது. பிளம்பர் 16:00க்கு வருவார் என்று சொன்னேன். எக்ஸஸாக அவரே ஏற்க வேண்டிய தொகையைச் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்” என்று எழுதினால், மறுநாள் நீங்கள் விடுப்பில் இருந்தாலும் அடுத்தவர் அந்த அம்மாளை மறுபடி முதலிலிருந்து பேசவைக்கத் தேவையில்லை. எல்லா அழைப்புகளும் பதிவாகின்றன. ஓராண்டு கழித்து ஒரு புகார் எழும்போது, பதிவும் உங்கள் குறிப்பும் ஒத்திருந்தால் உங்களுக்கு எந்தக் கவலையும் இல்லை.

பாலிசி வாசகத்தை முழுவதும் படியுங்கள். பயிற்சியில் தரும் சுருக்கத் தாள் போதாது. இரண்டு இடங்களில் நம் மக்களே மிகுதியாக அடிபடுகிறார்கள். ஒன்று, ஆவரேஜ் விதி. வீட்டுப் பொருட்களின் உண்மை மதிப்பு 8,00,000 ராண்டாக இருக்க, பிரீமியத்தைக் குறைப்பதற்காக 4,00,000 ராண்டுக்குக் காப்பீடு செய்திருந்தால், 1,00,000 ராண்ட் பொருள் திருடு போகும்போது கிடைப்பது 50,000 மட்டுமே. அதிலும் எக்ஸஸ் கழியும். காப்பீட்டுத் தொகை நான்கு இலட்சம் இருக்க ஒரு இலட்சத்தை ஏன் முழுதாகத் தரவில்லை என்று அவர் கேட்பார். மதிப்பில் பாதிக்குத்தான் பிரீமியம் கட்டப்பட்டது, ஆகவே இழப்பிலும் பாதிதான் என்று எண்களை வைத்துப் பொறுமையாக விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றொன்று, வழக்கமான ஓட்டுநர். கார் மகன் கையில். தினமும் கல்லூரிக்கு அவன்தான் ஓட்டிப் போகிறான். பாலிசியில் மட்டும் அப்பாவின் பெயர். இளைஞன் பெயரில் போட்டால் பிரீமியம் ஏறும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. விபத்துக்குப் பின் விசாரணையில் இது வெளிவந்தால் கிளெய்ம் மறுக்கப்படலாம், வங்கிக் கடன் மட்டும் நிற்கும். நீங்கள் சேவைப் பிரிவில் இருந்தால், பாலிசி தொடங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் காரைப் பெரும்பாலும் ஓட்டுவது யார் என்ற கேள்வியை அவசரமாகக் கடக்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குக் கூடுதலாக அரை நிமிடம் செலவிடுவது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

2021 ஜூலையில் குவாசூலு-நட்டாலிலும் கௌட்டெங்கிலும் கடைகள் சூறையாடப்பட்டபோது எழுந்த கேள்விகளையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். கலவரத்தால் ஏற்படும் சேதம் சாதாரண வணிகப் பாலிசியில் அடங்காது. அதற்குத் தனியாக இருப்பது சஸ்ரியா என்ற அரசு நிறுவனத்தின் காப்பு. 1976 சொவெட்டோ எழுச்சிக்குப் பின் தனியார் நிறுவனங்கள் இந்த ஆபத்தை ஏற்க மறுத்த நிலையில், 1979இல் அது நிறுவப்பட்டது. உங்கள் நிறுவனத்தின் பாலிசியோடு இணைத்தே அது விற்கப்படுகிறது. 2021இல் சஸ்ரியாவுக்கு வந்த கிளெய்ம்கள் 3,000 கோடி ராண்டைத் தாண்டின, அரசு கூடுதல் நிதி கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. அந்த இணைப்பு இல்லாத சிறு கடைக்காரர் காப்பீட்டிலிருந்து எதையும் பெற முடியவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வெள்ளத்தில் கேள்வி வேறு வகையானது: வெள்ளத்துக்குப் பொதுவாகக் காப்பு உண்டு, ஆனால் மண் சரிவுக்கும் தாங்குசுவருக்கும் பாலிசிக்குப் பாலிசி நிபந்தனை மாறும். எந்தச் சேதம் எந்தக் காரணத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்கும் கண் இந்த வேலையில்தான் பழகும்.

இல்லை என்று சொல்ல வேண்டிய நாளும் வரும். மறுப்பைத் தொலைபேசியில் மட்டும் சொல்லி முடித்துவிடக்கூடாது. முடிவெடுத்த 10 நாட்களுக்குள் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும், வாடிக்கையாளர் 90 நாட்களுக்குள் நிறுவனத்திடமே மறுபரிசீலனை கேட்கலாம் என்பதும், அதன்பின் வழக்குத் தொடுக்கக் குறைந்தது ஆறு மாத காலம் உண்டு என்பதும் பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகள். 2024 மார்ச் முதல் இயங்கும் தேசிய நிதி ஓம்புட் என்ற குறைதீர்ப்பு அமைப்பிடம் இலவசமாக முறையிடும் வழியும் இருக்கிறது. இதையெல்லாம் சொன்னால் புகார் பெருகும் என்று அஞ்சும் மூத்தவர்கள் சில அலுவலகங்களில் இருப்பார்கள். நீங்கள் சொல்லுங்கள். அது அவருடைய உரிமை, அதைச் சொல்வது உங்கள் கடமை.

ஈமச்சடங்குப் பாலிசி கிளெய்ம்களில் எல்லா ஆவணமும் வந்த இரண்டு வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். உடலை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வீடு அது. அந்தக் கோப்பை மற்றவற்றுக்கு அடியில் வைக்காதீர்கள்.

அழைப்பு மையத்தில் ஒவ்வோர் அழைப்பின் நேரத்தையும் அளப்பார்கள். சராசரியைவிட நீண்டால் குழுத் தலைவர் கேட்பார். நீட்டித்ததற்குக் காரணம் குறிப்பில் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது; காரணமின்றி நீண்டால்தான் வரும். இசிசூலுவில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள் என்றும் வற்புறுத்திச் சொல்வேன். இந்த மாகாணத்தின் வாடிக்கையாளர்களில் பெரும்பான்மையோரின் தாய்மொழி அது. “சாவுபோனா” என்ற வணக்கத்தோடு நின்றுவிடாமல், கார் விபத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தவருக்கு அலுவலகத்தில் தனி மதிப்பு உண்டு.

உறவும் விடுப்பும்

நம் சமூகம் நெருக்கமானது. நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பது ஒரே வாரத்தில் கோயில் முழுவதும் தெரிந்துவிடும். அதன்பின் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் ஆண்டி ஒருவர், “என் கிளெய்ம் எந்த நிலையில் இருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன் கண்ணு” என்று கேட்பார். பார்க்கக்கூடாது. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்தக் கோப்பை யார் எப்போது திறந்தார் என்பது கணினியில் பதிவாகிறது. வேலைக் காரணமின்றித் திறந்தது ஒழுங்கு நடவடிக்கைக்குப் போதும். “நான் பார்த்தால் என் வேலை போய்விடும் ஆண்டி, இந்த எண்ணில் அழைத்து உங்கள் கிளெய்ம் எண்ணைச் சொல்லுங்கள், பதில் வராவிட்டால் புகார்ப் பிரிவுக்கு எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறேன்” என்று பணிவோடு சொன்னால் எவரும் மனம் நோகமாட்டார்கள். உறவினர் கோப்பு தற்செயலாக உங்கள் வரிசையில் வந்தால் உடனே குழுத் தலைவரிடம் எழுத்தில் தெரிவித்து வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள்.

விடுப்பு விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். தீபாவளிக்கும் தைப்பூசக் காவடிக்கும் இந்நாட்டில் பொது விடுமுறை இல்லை. மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் திருவிழா நடக்கும் பெரிய வெள்ளி மட்டும் விடுமுறை நாளாக அமைகிறது, அன்றும் அவசர அழைப்புப் பிரிவு இயங்கும். காவடி வருவதோ கோடை மழையும் புயலும் கிளெய்ம்களைக் குவிக்கும் பருவத்தில். விரதம் இருந்து காவடி எடுப்பவராயின், ஆண்டின் தொடக்கத்துக்கு முன்பே விண்ணப்பித்து, கிறிஸ்துமஸ் வாரத்தில் நான் வேலை செய்கிறேன் என்று குழுவில் மாற்றிக்கொள்வது நன்கு நடக்கும் ஏற்பாடு. சட்டப்படியான குடும்பப் பொறுப்பு விடுப்பு ஆண்டுக்கு மூன்று நாள். பெற்றோர், தாத்தா பாட்டி, வாழ்க்கைத் துணை, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர் இறப்புக்கு அது பொருந்தும். மாமா, சித்தப்பா, மாமியார் அந்தப் பட்டியலில் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆண்டு விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு மூன்று நாட்களை எப்போதும் ஒதுக்கி வையுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்

கிளெய்ம் மேசையில் இரண்டு ஆண்டுகள் முழுமையாக இருந்தவருக்குத் தம் நாட்டம் தெரிந்துவிடும். எண்களிலும் ஆபத்தைக் கணிப்பதிலும் ஆர்வமிருந்தால் அண்டர்ரைட்டிங். இடத்துக்கே போய்ச் சேதத்தைப் பார்க்கப் பிடித்தால் அசெஸர். பொய்க் கிளெய்ம்களை முடிச்சவிழ்க்கத் தோன்றினால் தடயவியல் பிரிவு. எழுத்தாற்றல் இருந்தால் புகார்ப் பிரிவு. புகார்ப் பிரிவை யாரும் விரும்பிக் கேட்பதில்லை, ஆனால் நிறுவனத்தின் எல்லாத் துறைகளும் அங்கே ஒரே கோப்பில் வந்து சேர்வதால் அங்கிருந்து மேலாளர் ஆனவர்கள் பலர். நிறுவனத்துக்குள்ளேயே வேறு பிரிவுக்கு மாற விண்ணப்பிக்கும்போது உங்கள் தற்போதைய தலைவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். பிறர் மூலம் தெரியவருவது உறவைக் கெடுக்கும். தென்னாப்பிரிக்க இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் வழங்கும் தகுதிகளையோ யூனிசா பல்கலைக்கழகம் மூலம் தொலைதூரப் படிப்பையோ தொடர விரும்பினால், கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா, ஏற்றால் எத்தனை காலம் அங்கேயே இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதினால் சி.சி.எம்.ஏ. நடுவர் ஆணையத்திடம் 30 நாட்களுக்குள் மனு கொடுக்க வேண்டும். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, நீக்கக் கடிதம் ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருந்தால் போதும்.